புகையளக்கும் கருவிகளும் சட்டத்தின் கண்ணும்

ஆகாய விமான யந்திரங்களின் புகையை அளக்க நெடுங்காலம் வழங்கிய கருவியையும், அதன் ஸ்தானத்தில் இப்பொழுது அமர்ந்துள்ள கருவிகளையும் ஒப்பிடுவது விஞ்ஞானிகளுக்கு மாத்திரம் உரிய காரியமென்று நம் வாசகர்கள் எண்ணிவிடலாகாது. சட்டம் எக்கருவியைச் சாக்ஷியாக ஏற்கிறதோ, அதற்குப் புலப்படாத குற்றம் குற்றமாகவே பாவிக்கப்படுவதில்லை.

பழைய முறை எளிது. யந்திரப் புகையை வெள்ளை வடிகாகிதத்தின் வழியே இழுத்து, காகிதம் எவ்வளவு கறுத்ததென்பதை அதினின்று திரும்பும் ஒளியைக்கொண்டு கணிப்பர். கறுக்காவிடில் பூஜ்யம்; ஒளி முழுவதையும் விழுங்கிவிடின் 100. இதற்குப் புகை எண் என்று பெயர். 1960-களில் அமெரிக்காவில் ஜெட் விமானங்கள் கரும்புகை கக்கியதைக் கண்டு ஜனங்கள் கூக்குரலிட்டனர். 1970-ல் விமானக் கம்பெனிகள் யந்திரங்களின் எரியறைகளை மாற்ற உடன்பட்டன. 1981-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் புகை எண்ணைத் தன் விதிகளில் சேர்த்தது. கண்ணுக்குத் தெரியும் புகையை ஒழிப்பதே நோக்கம். அது பெரும்பாலும் நிறைவேறிற்று.

ஆயினும், காகிதம் கறுக்கவில்லை யென்பதனால் காற்று சுத்தமாயிற்றென்று ருஜுவாகிவிடாது. தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கேயுள்ள கரித்துகள்கள் கண்ணுக்குப் படாமலே சுவாசப்பையின் அடிவரை சென்று தங்குகின்றன. இவற்றைப் பிடிக்கவே புதிய கருவிகள் தோன்றின. ஒன்று, லேஸர் ஒளியைக் கரித்துகள்மீது விட்டு விட்டுப் பாய்ச்சி, அது சூடேறுவதால் காற்றில் எழும் ஓசையை ஒலிவாங்கியால் கேட்டு எடையைச் சொல்லுகிறது. கரி பேசுகிறது, கருவி கேட்கிறது என்னலாம்! மற்றொன்று துகளைப் பழுக்கக் காய்ச்சி, அது வீசும் ஒளியை அளக்கிறது. மூன்றாவது, துகள்மீது ஆவியைப் படியவைத்துத் துளியாக வளர்த்து, ஒவ்வொன்றாக எண்ணுகிறது. பெரிய யந்திரங்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் புகை எண் விலகி, எடையும் எண்ணிக்கையுமே பிரமாணமாயின.

இம்மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் புதிய சாக்ஷியையும் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். யந்திரத்தினின்று கருவி வரையில் புகை 25 மீட்டருக்கு மேற்பட்ட குழாயில் வருகிறது; நுண்துகள்களில் ஒரு பகுதி வழியிலேயே குழாய்ச் சுவரில் ஒட்டிவிடுகிறது. அன்றியும், கந்தகத்தினாலும் எண்ணெயினாலும் உண்டாகும், எளிதில் ஆவியாகும் துகள்களைச் சூடேற்றி நீக்கிய பிறகே எண்ணுகிறார்கள். அவை யந்திரத்திற்கு வெளியே, புகை குளிரும்பொழுது, காற்றின் நிலைக்கேற்ப உண்டாவதால் யந்திர வாயிலில் நிச்சயிக்க இயலாதென்பது காரணம். காரணம் நியாயமே. ஆனால் வேலியோரத்தில் குடியிருப்பவன் இருவகைத் துகளையுமே சுவாசிக்கிறான். லாஸ் ஏஞ்சலீஸ் விமான நிலையத்திலிருந்து காற்று வீசும் திசையில் 16 கிலோமீட்டர் தூரத்திலும் துகள்களின் எண்ணிக்கை இருமடங்காயிருந்ததென 2014-ல் வெளியாயிற்று. யந்திர வாயிலில் நிற்கும் கருவி இவனுக்காகச் சாக்ஷி சொல்லாது. ஆகையால், ஆவியாகும் துகள்களையும் சேர்த்து எண்ணும் கருவியொன்றை ஒவ்வொரு பெரிய விமான நிலையத்தின் வேலியிலும் நிறுத்தி, அதன் கணக்கைத் தினந்தோறும் ஜனங்களுக்கு வெளியிடவேண்டுமென்று நாம் கோருகிறோம்.