மூக்குத்தொண்டைப் புற்றுநோய்: சிலருக்கு மட்டும் ஏன்?

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல் — வல்லத்திராக்கோட்டை)

நோய் ஒரு மனிதரைப் பற்றும்போது மருத்துவர் அவரை மட்டும் பார்க்கிறார். ஆனால் அந்நோய் எவரைப் பற்றுகிறது, எவரை விட்டுவிடுகிறது என்று ஊர் ஊராகக் கணக்கிட்டுப் பார்ப்பதற்கென்று ஓர் அறிவியல் உண்டு. அதுவே நோய்ப்பரவல் இயல். 1854-ஆம் ஆண்டு லண்டன் நகரில் வாந்திபேதி பரவியபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். அவர்களில் பெரும்பாலோர் ஒரே குடிநீர்க் குழாயை நாடியவர்கள் என்பது தெரிய வந்தது. நோய்க்கிருமியை நுண்ணோக்கியில் தேடிப் பிடிக்காமலே அவர் நோயின் வழியைக் கண்டார். நோயின் காரணத்தை நாடிய பிறகே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்று நம் வள்ளுவப் பெருந்தகை கூறியதும் இதுவே அன்றோ!

இந்த அறிவியலின் ஆற்றலை விளக்க நான் எடுத்துக்கொள்வது மூக்குத்தொண்டைப் புற்றுநோய். மூக்கின் பின்புறம், உள்நாக்குக்கு மேலே, கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் எளிதில் தென்படாத ஒரு சிறு அறை இருக்கிறது. இரு காதுகளிலிருந்தும் வரும் குழல்கள் அங்கேதான் திறக்கின்றன. அவ்வறையின் உட்சுவரில் தோன்றுவதே இந்நோய். உலகம் முழுவதும் 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,33,000 பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டது. சுமார் 80,000 பேர் இறந்தனர். மற்றப் புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்ணிக்கையே. ஆனால் இந்த எண்ணிக்கை உலகில் சமமாகப் பரவவில்லை. நோயாளிகளில் பத்தில் ஏழு பேர் கிழக்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்பவர்கள். அதிலும் தென்சீனத்தின் குவாங்டுங் மாநிலத்தாரே மிகுதி. ஆகவே இதற்குக் 'கன்டோனியர் புற்று' என்ற பெயரும் வழங்கியது.

ஒரே ஊர், மூன்று இனம்

என் தந்தையாரின் சிற்றப்பா, நாங்கள் சின்னத்தாத்தா என்று அழைப்பவர், சிங்கப்பூரில் பல ஆண்டுகள் கட்டட வேலை பார்த்து ஊர் திரும்பியவர். புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்படிச் 'சபுராளி' இல்லாத ஊர் அரிது. அவருடன் வேலை பார்த்த கன்டோனியத் தச்சர் ஒருவர் கழுத்தில் கட்டி தோன்றி, சில ஆண்டுகளில் இந்நோயால் இறந்துபோனார். "ஒரே குழாய்த் தண்ணி குடிச்சோம், ஒரே தூசியிலே வேலை பார்த்தோம். அவனுக்கு வந்தது எனக்கும் வருமாப்பா?" என்று அவர் என்னிடம் கேட்டார். காலையில் எழுந்ததும் கழுத்தைத் தடவிப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

அவருடைய கேள்வி அறிவியலாளர்கள் கேட்ட கேள்விதான். சிங்கப்பூரில் 1968-ஆம் ஆண்டு முதல் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. நோயுற்ற ஒவ்வொருவரின் வயது, பால், இனம் அனைத்தும் அதில் பதிவாகின்றன. சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவரும் ஒரே தீவில், ஒரே காற்றைச் சுவாசித்து வாழ்கின்றனர். ஆயினும் 1970-களிலும் 1980-களிலும் சீன ஆண்களில் இலட்சம் பேருக்கு ஆண்டுக்குப் பதினைந்துக்கு மேல் இந்நோய் கண்டது. மலாய்க்கார ஆண்களில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. பெரும்பாலும் தமிழரான இந்திய ஆண்களிலோ ஒன்றை ஒட்டியே நின்றது. சீனர்களுக்குள்ளும் ஹொக்கியன் வகுப்பாரைவிடக் கன்டோனியரிடம் இந்நோய் ஏறத்தாழ இரு மடங்கு காணப்பட்டது. எல்லா இனத்திலும் பெண்களைவிட ஆண்களுக்கே இரண்டு, மூன்று மடங்கு மிகுதி.

இவ்வெண்களை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். புற்றுநோய் பெரும்பாலும் வயது முதிர்ந்தோருக்கு வருவது. இளைஞர்கள் வெளிநாடு சென்றுவிட, முதியோர் மட்டும் தங்கியிருக்கும் ஒரு சிற்றூரையும், வேலைக்கு வந்த இளைஞர் நிறைந்த நகரையும் அப்படியே ஒப்பிட்டால் சிற்றூரில்தான் நோய் அதிகம் என்று தோன்றும். அது வயதின் விளைவே தவிர ஊரின் குற்றமன்று. எனவே இரண்டு ஊர்களிலும் வயதுப் பங்கீடு ஒன்றே என்று கொண்டு, எண்களைத் திருத்திய பின்பே ஒப்பிடுவர்.

மூன்று காரணங்கள்

அப்படியானால் காரணம் குருதியா, பழக்கமா, கிருமியா? விடை வியப்பானது: மூன்றும் சேர்ந்தே.

முதலாவது கிருமி. 1964-இல் எப்ஸ்டீன், ஆச்சாங், பார் ஆகிய மூவர் ஒரு வைரசைக் கண்டனர். அதற்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று பெயர். இந்நோயாளிகளின் குருதியில் அதற்கெதிரான பொருள்கள் மிகுந்திருப்பது 1966-இல் தெரிந்தது. 1970-இல் சுர் ஹவுசன் குழுவினர் புற்றுக் கட்டியிலேயே அவ்வைரசின் மரபுப் பொருளைக் கண்டனர். ஆனால் எச்சில் வழியே பரவும் இவ்வைரஸ் உலகில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடலில் குடியிருப்பது. நம் நாட்டில் குழந்தைப் பருவத்திலேயே தொற்றிவிடுகிறது. எல்லோரிடமும் உள்ள கிருமி சிலரிடம் மட்டும் புற்றாவதற்கு வேறு துணை வேண்டும். எனவே இந்நோயாளியின் தம்ளரைத் தனியே ஒதுக்கி வைப்பதில் பொருளே இல்லை.

இரண்டாவது மரபு. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு உயர்கிறது. அமெரிக்காவில் பிறந்த சீனர்களுக்கு, சீனாவிலிருந்து குடியேறியவர்களைவிட நோய் குறைவு. ஆனாலும் அங்குள்ள வெள்ளையரைவிட அதிகம். அதாவது கடல் கடந்தால் பாதிச் சுமை இறங்குகிறது. மீதி குருதியோடு வருகிறது.

இறங்கிய அந்தச் சுமை எது? அதுவே மூன்றாவது காரணமாகிய உணவு. ஹாங்காங்கைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர் ஜான் ஹோ, படகுகளிலேயே வாழும் மீனவரிடம் கரைவாழ் மக்களைவிட இந்நோய் மிகுந்திருப்பதைக் கவனித்து, உப்பிட்ட மீன்மீது ஐயம் கொண்டார். 1986-இல் மிமி யூ குழுவினர் ஹாங்காங்கில் இளம் நோயாளிகளையும் அவர்களின் தாய்மார்களையும் விசாரித்தனர். பால் மறக்கும் பருவத்திலேயே உப்பு மீன் ஊட்டப்பட்டவர்களிடம் இந்நோய் மிகுந்திருந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1993-இல் சீன முறை உப்பு மீனைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. வாழ்க்கை முறை மாற மாற, ஹாங்காங் ஆண்களிடம் இந்நோய் 1980-84-இல் இலட்சத்துக்கு 28.5 என்றிருந்தது 1995-99-இல் 20.2 ஆகக் குறைந்தது.

நம் கருவாடு என்னாவது?

இதைப் படித்ததும் பலருக்கும் எழும் கேள்வி இது. கோட்டைப்பட்டினத்துக் கருவாடு வேகும் வாசனைக்கு நாக்கில் நீர் ஊறாதவர் எங்கள் பக்கத்தில் எவர்? நம் கருவாடு குடல் நீக்கி, உப்பிட்டு, வெயிலில் உலர்த்தப்படுவது. கன்டோனிய முறையில் சில வகை மீன்களை உப்பிடுமுன் இளகிப் பதம் கெடும்வரை வைத்திருப்பர். அதில் நைட்ரோசமைன் எனும் நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. அதைக் குழந்தைக்குக் கஞ்சியோடு ஊட்டுவதும் வழக்கமாக இருந்தது. சீன முறை தவிர்ந்த பிற உப்பு மீன்களைக் குற்றவாளி என்று தீர்க்கச் சான்று போதாது என்றே மேற்சொன்ன நிறுவனமும் கூறிற்று. தமிழரிடம் இந்நோய் அரிதாக இருப்பதையும் நினைவில் கொள்க.

ஆனால் இந்தியாவிலும் இந்நோய் மிகுந்த பகுதி ஒன்றுண்டு. அது நாகாலாந்து. இந்தியாவின் பெரும்பகுதியில் இலட்சத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக உள்ள இந்நோய், அங்கே ஆண்களிடம் பத்தைத் தாண்டுகிறது. மணிப்பூர், மிசோரமிலும் ஓரளவு மிகுதியே. வீட்டுக்குள் எரியும் அடுப்புக்கு மேல் இறைச்சியைத் தொங்கவிட்டுப் புகையூட்டி உண்பதும், புகை வெளியேற வழியில்லாத சமையலறையும் அங்கே ஐயத்துக்குரியவை ஆகியுள்ளன.

நமக்குரிய பாடம்

சின்னத்தாத்தாவுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "அந்தத் தச்சருக்கு வந்தது உங்களுக்கு வருவது அரிது. ஆனால் உங்கள் வெற்றிலைப் பெட்டியைக் கொஞ்சம் பாருங்கள்." கழுத்தைத் தடவும் அதே கையால்தான் அவர் புகையிலையைக் கிள்ளி வாயில் அதக்குகிறார்! புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் விளைவிக்கும் என்று 1985-லும், புகையிலை இல்லாத பாக்கும் விளைவிக்கும் என்று 2004-லும் அதே நிறுவனம் அறிவித்தது. தமிழ்நாட்டில் நாம் அஞ்ச வேண்டியது வாய்ப்புற்றுக்கே. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிலையமும், அங்கே 1980-களின் தொடக்கம் முதல் நடந்துவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடும் நமக்கு எந்த நோய் மிகுதி, எது அரிது என்பதைக் காட்டும் கண்ணாடிகள்.

எனினும் அரிது என்றால் இல்லை என்று பொருளன்று. நம் நாட்டில் இளவயதினருக்கும் இந்நோய் வருவதுண்டு. கழுத்தின் மேற்பகுதியில் வலியற்ற கட்டி, ஒரு காது மட்டும் அடைத்தல் அல்லது இரைதல், ஒரு பக்க மூக்கடைப்பு, காலையில் காறித் துப்பும் சளியில் இரத்தம் — இவை சில வாரங்கள் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைக் காண்க. கழுத்துக் கட்டி என்றதும் காசநோய்க் கட்டி என்றே கருதி மாதக்கணக்கில் மருந்துண்டு காலம் கடத்துவது நம் பக்கத்தில் நடப்பதுதான். சதைப் பரிசோதனை செய்தால் ஐயம் தீரும். இப்புற்று கதிரியக்கத்துக்கு நன்கு கட்டுப்படும். தொடக்க நிலையில் கண்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹாங்காங்கில் நோய்க்குறி ஏதுமில்லாத இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களின் குருதியில் வைரசின் மரபுப் பொருளைத் தேடி, 34 பேருக்கு இந்நோயைக் கண்டறிந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தொடக்க நிலையிலேயே பிடிபட்டு நலம் பெற்றனர்.

கணக்கெடுத்தவர்கள் இல்லையேல் இவற்றுள் எதுவும் தெரிந்திராது. ஆகவே நண்பர்களே, நம் வீட்டில் எவருக்கேனும் இத்தகைய நோய் வந்தால் மறைக்காமல் சொல்வோம். வயதையும் வழக்கங்களையும் கேட்போருக்குச் சரியாகக் கூறுவோம். வெட்கப்பட்டு மறைக்கும் ஒரு நோயாளி பதிவேட்டில் ஒரு வெற்றிடம். உண்மை சொல்லும் ஒரு நோயாளியோ பின்னால் வரும் பலருக்கு வழிகாட்டி.