உங்களுக்குத் தெரியுமா? ‘ட’ வடிவ ஹாலில் புது ஸ்பீக்கர்

பல லட்சம் ரூபாய் ஸ்பீக்கரானாலும் அதன் பேஸ் எப்படிக் கேட்கும் என்பதைப் பெரும்பாலும் அறைதான் முடிவு செய்கிறது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 5 மீட்டர் இருந்தால், 34 ஹெர்ட்ஸ் அருகே நிலையலை (நகராமல் ஒரே இடத்தில் நின்று அதிரும் ஒலியலை) உருவாகும். சுவரோரம் பேஸ் அதிரும். நட்டநடுவே சோபா போட்டவருக்கோ அதே அதிர்வெண் காதுக்கே எட்டாது.

‘ட’ வடிவ ஹாலில் சிக்கல் இன்னும் அதிகம். ஒரு ஸ்பீக்கர் பக்கச் சுவரை ஒட்டி நிற்கும், மற்றதன் பக்கம் திறந்து கிடக்கும். ஒட்டிய சுவர் ஒன்றே பேஸை 6 டெசிபல் வரை கூட்டிவிடும் என்பதால் இடமும் வலமும் ஒத்துப்போகாது. ஆழமாக இறங்கும் பெரிய ஸ்பீக்கர் இந்தக் குறையைத் தூக்கலாகவே காட்டும். ஆகவே, பணத்தைக் கட்டும் முன் பழைய ஸ்பீக்கரையும் சோபாவையும் ஓரிரு அடி நகர்த்திக் கேட்டுப் பாருங்கள்.