கூடுதல் டீசல் டேங்க்: யார் பொறுப்பில்?

பிக்கப் வண்டியில் இரண்டாவது டீசல் டேங்க் வைக்க நினைப்பவர்களுக்குக் காரணங்கள் உண்டு. நெல் அறுவடை மெஷின், ஜேசிபி, போர்வெல் வண்டி வைத்திருப்பவருக்கு வயலுக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் டீசல் கொண்டுபோக வேண்டும். மாநில எல்லை தாண்டிக் காய்கறி ஏற்றிச் செல்பவருக்கோ விலை குறைந்த இடத்தில் நிரப்பிக்கொண்டால் நாலு காசு மிஞ்சும். டீசல் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைத் தானே போடுவதால் எல்லைக்கு இந்தப்பக்கம் ஒரு விலை, அந்தப்பக்கம் ஒரு விலை. இந்தத் தேவைகள் பொய்யல்ல. ஆனால் இவற்றுக்குப் பட்டறையில் கிடைக்கும் வழக்கமான விடை, அதாவது தகரத்தை வளைத்து ஒரு டேங்க் அடித்து, பழைய குழாயில் ஒரு டீ ஜாயின்ட் போட்டு இன்ஜினோடு இணைத்துவிடுவது, உரிமையாளருக்குப் பெரிய நஷ்டக் கணக்கு என்பதே என் வாதம். வண்டி ஷோரூமிலிருந்து வரும்போது எரிபொருள் அமைப்பின் பாதுகாப்புக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. அந்தக் குழாயை வெட்டிய நிமிடம் முதல், தீ, விபத்து, வழக்கு, இன்சூரன்ஸ் மறுப்பு எல்லாவற்றுக்கும் உரிமையாளரே முதல் ஆளாக நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு நம்பிக்கையைத் தகர்க்க வேண்டும். "பெட்ரோல்தான் பற்றும், டீசலில் தீக்குச்சியைப் போட்டாலும் அணைந்துவிடும்" என்று வண்டிக்காரர்கள் சொல்வது வழக்கம். குளிர்ந்த டீசலுக்கு அது ஓரளவு உண்மை. ஆனால் மேலே எழும் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை என்று ஒன்று இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1460 விதிப்படி, நம் பங்க்குகளில் விற்கும் டீசலுக்கு அந்த வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். ஐரோப்பாவில் இது 55 டிகிரி. வேலூரிலும் கரூரிலும் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வெயிலில் நிற்கும் இரும்பு டேங்கின் சூடு அதையும் மிஞ்சும். ஆக, நம் கோடையில் டீசல் ஆவியை ஆபத்தில்லாதது என்று எண்ண இடமில்லை. டீசல் இருந்த காலி பேரலையோ பழைய டேங்கையோ கழுவாமல் வெல்டிங் வைப்பது உயிரையே வாங்கும் காரியம். அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் டீசல் வெல்டிங் சூட்டில் ஆவியாகி, மூடிய பாத்திரத்துக்குள் வெடிக்கும்.

அடுத்தது கட்டமைப்பு. டீசல் இன்ஜினின் பம்ப், எரிவதைவிட அதிகமான டீசலை இழுக்கிறது. மிச்சம் சூடாகி ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்புகிறது. இரண்டாவது டேங்கிலிருந்து இழுத்து, ரிட்டர்னை மட்டும் முதல் டேங்குக்கே விட்டுவைத்தால், ஓடும் வண்டியில் முதல் டேங்க் நிரம்பி வழியும். மேலே வைத்த டேங்கிலிருந்து புவியீர்ப்பால் தானாக இறங்கும்படி இணைத்தாலும் சிக்கல்தான்: கீழே ஒரு ஹோஸ் கிழிந்தால் அல்லது ஒரு கிளாம்ப் கழன்றால் ஒரு டேங்க் அல்ல, இரண்டும் சாலையில் காலியாகும். டேங்க் செய்யும் உலோகமும் முக்கியம். துரு பிடிக்காது என்று பலர் கேட்டு வாங்கும் துத்தநாகம் பூசிய தகடு டீசலுக்குப் பொருந்தாது. துத்தநாகம் கரைந்து பிசுபிசுப்பாகி ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். இன்றைய காமன் ரெயில் இன்ஜின்கள் 1,600 பார் அழுத்தத்துக்கும் மேலே வேலை செய்பவை. கண்ணுக்குத் தெரியாத துருத்தூளும் ஒரு சொட்டுத் தண்ணீரும் அவற்றின் இன்ஜெக்டரைக் கெடுக்கப் போதும். டேங்குக்குள் தடுப்புத் தகடு இல்லையென்றால், வளைவில் பாதி நிரம்பிய டீசல் ஒரு பக்கமாக அடித்து வண்டியைச் சாய்க்கும். விளிம்பு வரை நிரப்புவதும் தவறு. 100 லிட்டர் டீசல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டருக்கு மேல் விரியும். விரிய இடமில்லையென்றால் மூடி வழியாக வெளியே வரும்.

கூடுதல் டேங்க் கிட்டுகள் கடைச்சரக்காகவே விற்கும் அமெரிக்காவை இங்கே பார்ப்பது பயனுள்ளது. "அங்கே எல்லோரும் வைக்கிறார்களே" என்ற வாதம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அங்கே வணிக வண்டிகளுக்கான மத்திய விதி, டேங்கில் 95 சதவீதத்துக்கு மேல் நிரம்பாதபடி அதன் வடிவமே இருக்க வேண்டும் என்கிறது. புவியீர்ப்பால் நேரே இன்ஜெக்டருக்கு டீசல் இறங்கும் அமைப்பைத் தடை செய்கிறது. வண்டியின் பக்கவாட்டில் பொருத்தும் டேங்கை, முழு டீசலின் எடைக்குச் சமமான தண்ணீரை நிரப்பி 30 அடி உயரத்திலிருந்து மூலை தரையில் படும்படி போட்டுப் பார்க்கச் சொல்கிறது. அப்போதும் நிமிடத்துக்கு ஒரு அவுன்ஸுக்கு மேல் கசியக் கூடாது. நம் நாட்டிலும் தரம் உண்டு. உலோக டேங்குக்கு ஐ.எஸ். 12056, பிளாஸ்டிக் டேங்குக்கு ஐ.எஸ். 15547. பட்டறையில் அடித்த டேங்க் எந்தச் சோதனையையும் பார்த்திருக்காது.

எடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். டீசல் லிட்டருக்கு சுமார் 0.83 கிலோ. 100 லிட்டர் டீசலும் டேங்கும் தாங்கியும் சேர்ந்து 110 கிலோவை நெருங்கும். 1,250 கிலோ ஏற்றும் பிக்கப்பில் இது சரக்கில் ஏறக்குறைய 9 சதவீதம். லிட்டருக்கு 5 ரூபாய் விலை வித்தியாசம் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு முறை நிரப்பினால் மிச்சம் 500 ரூபாய். அதற்காக ஒவ்வொரு நடையிலும் 110 கிலோவுக்கான வாடகையை விட வேண்டும். விடாமல் சரக்கையும் முழுசாக ஏற்றினால் ஓவர்லோடு. மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவின்படி அதற்கு 20,000 ரூபாய் அபராதம்; அதிகமான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீடாக வந்த கே. ஜெயசந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று விதிக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் டேங்கின் கொள்ளளவே இல்லை. வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் சட்டம் 'மாற்றம்' என்கிறது. ஒரு டேங்க் எப்படி அடிப்படைத் தன்மையை மாற்றும்? இந்த வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. நல்ல வழக்கறிஞர் இதை வைத்து வாதாடலாம். ஆனால் ஆர்.சி.யில் சுமையில்லா எடை இருக்கிறது. சேசிஸில் துளை போட்டு எரிபொருள் பாதையை மாற்றுவதைச் சின்ன விஷயம் என்று எந்த ஆய்வாளரும் எழுதித் தர மாட்டார். அதைவிட முக்கியம், இந்தச் சந்தேகம் எப்போது தீர்க்கப்படும் என்பது. வண்டி எரிந்த பிறகு, சர்வேயர் அறிக்கையிலும் நீதிமன்றத்திலும்தான் தீரும். அதுவரை வண்டியும் இல்லை, வருமானமும் இல்லை, கடன் தவணை மட்டும் நிற்காது. பெரிய லாரிகளில் இரண்டு டேங்க் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுவே: அவை தயாரிப்பாளரே வடிவமைத்து, ஒப்புதல் பெற்று, எடைக் கணக்கில் சேர்த்தவை. உங்கள் மாடலுக்கு அப்படியொரு வசதி உண்டா என்று வண்டி வாங்கும்போதே டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால், வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றத்துக்கான விண்ணப்பம் போட்டு அனுமதி பெறுங்கள். அனுமதி கிடைக்காது என்றால் அந்தப் பதிலே ஒரு தகவல்.

இன்சூரன்ஸில் எது பாதிக்கப்படும், எது பாதிக்கப்படாது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டியால் அடிபட்ட மூன்றாம் நபரின் உரிமை பொதுவாக அப்படியே நிற்கும். நிறுவனம் மறுக்கக்கூடிய காரணங்களைச் சட்டமே குறுக்கி வைத்திருக்கிறது. அடிபட்டவர் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். ஆபத்தில் இருப்பது உரிமையாளரின் சொந்த வண்டிக்கான இழப்பீடு. மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தது பாலிசி நிபந்தனை மீறல் என்று நிறுவனம் சொல்லும். ஆனால் மீறல் என்றாலே ஒன்றும் கிடைக்காது என்று மனம் சோர வேண்டாம். அமலேந்து சாகூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல், நிபந்தனை மீறல் இருந்தாலும் கோரிக்கையை முழுவதுமாகத் தள்ளாமல், 75 சதவீதம் வரை கொடுத்துத் தீர்க்கும் வழியை ஏற்றது. வண்டி திருட்டுப் போயிருந்தால் அல்லது பின்னால் வந்த லாரி மோதியிருந்தால், டேங்குக்கும் இழப்புக்கும் தொடர்பில்லை என்று வாதிட இடமிருக்கிறது. டேங்கிலிருந்தே தீ கிளம்பியிருந்தால் அந்த வாதம் நிற்காது. மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேட்டு வாங்குங்கள். முதலில் நிறுவனத்திடமே முறையிட்டு, 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லையென்றால், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்புச் சொல்ல முடியும்.

டீசலை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் உண்மையான தேவை என்றால், அதற்கு வண்டியின் இன்ஜினைத் தொடவே வேண்டியதில்லை. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டத்தில் டீசல் 'பி' வகுப்பு. மொத்தம் 2,500 லிட்டருக்குள், எந்த ஒரு பாத்திரமும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால், கொண்டுபோகவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டாம் என்கிறது 7-ஆவது பிரிவு. அதாவது நல்ல மூடியுள்ள, கசியாத பேரலையோ தனி டேங்கையோ சரக்காக ஏற்றி, அசையாமல் கட்டி, கைப்பம்பால் மெஷினுக்கு ஊற்றினால், எரிபொருள் குழாயை வெட்டாமலே வேலை முடிகிறது. அது சரக்கு என்பதால் எடைக் கணக்கில் வரும். ஆட்களை அதன்மேல் உட்கார வைக்கக் கூடாது. உலர் தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பங்க் ரசீது வண்டியில் இருக்க வேண்டும். வாங்கிய டீசலைச் சொந்த மெஷினுக்கு ஊற்றலாம், பக்கத்து வயல்காரருக்கு விலைக்கு விற்கக் கூடாது. அது தனிக் குற்றம். இந்த வழியில் கொஞ்சம் கைவேலை அதிகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், கழற்றி வைக்க முடியும், எஃப்.சி.க்குப் போகும்போது ஒளிக்க ஒன்றும் இல்லை.

இதற்கு முன்பே டேங்க் பொருத்திவிட்டவர்களில் பலருக்கு டேங்க் கசிவதும் இன்ஜெக்டர் போவதும்தான் உடனடிப் பிரச்சினை. கடைக்காரர் "டீசல் கலப்படம்" என்று கை கழுவுவார். இங்கே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உதவும். வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது பொது விதி. ஆனால் தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. ஒரு வண்டியை வைத்து ஓட்டிப் பிழைப்பவர் இதில் வருவார். குறையுள்ள பொருளால் வந்த சேதத்துக்குத் தயாரித்தவர், விற்றவர், பொருத்தியவர் ஆகியோரைப் பொறுப்பாக்க அதே சட்டத்தில் தனி அத்தியாயம் உண்டு. காரணம் எழுந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் அழைத்து முதலில் வழி கேட்கலாம். இதெல்லாம் நடக்க பில் வேண்டும். ஜி.எஸ்.டி. சேமிக்க பில் இல்லாமல் வேலை செய்தவர் இந்தக் கதவைத் தானே சாத்திக்கொண்டவர். பில்லில் தகட்டின் வகை, தடிமன், கொள்ளளவு, குழாய் இணைத்த முறை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பழைய ஹோஸ், கழற்றிய பாகம், கெட்ட இன்ஜெக்டர் எதையும் கடையில் விட்டு வராதீர்கள். சாட்சிக்கு அவைதான் நிற்கும். அனுமதி இல்லாத டேங்க் என்றால், அதைக் கழற்றி எரிபொருள் பாதையைத் தயாரிப்பாளரின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பழையபடி மாற்றி, அந்த ரசீதையும் இன்சூரன்ஸ் தாளோடு சேர்த்து வையுங்கள்.