வரிசையில் நிற்கும் வெற்றுக் குடங்கள்

கோடைக் காலத்தில் எங்கள் காரியாபட்டிப் பக்கத்துத் தெருக்குழாயடியைச் சற்று நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வருமுன்பே குடங்கள் வரிசையில் இடம் பிடித்திருக்கும். குடம் இருந்தால் ஆள் இருப்பதாகவே பொருள். அதனை ஊரார் மதிப்பர். ஒருவர் நாற்பது வெற்றுக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, நிரப்பவும் வாராமல் எடுக்கவும் வாராமல் இருந்துவிட்டால் என்ன ஆகும்? குழாய் உடையவில்லை, நீர் களவு போகவில்லை. ஆயினும் பின்னால் நிற்பவருக்கு ஒரு செம்பு நீரும் கிட்டாது. கணிப்பொறி உலகில் இத்தகைய தீங்கினைச் 'சேவை மறுப்புத் தாக்குதல்' என்பர்.

தொலைவிலுள்ள சேவையகக் கணிப்பொறியை இருந்த இடத்திலிருந்தே இயக்க உதவுவது 'எஸ்.எஸ்.எச்.' என்னும் முறை. பின்லாந்து நாட்டுத் தாத்து இலோனன் 1995-இல் இதனை அமைத்தார். அதற்கு முன் வழங்கிய டெல்நெட் முறையில் கடவுச்சொல் மறைப்பின்றிச் சென்றமையால், இடைவழியில் பிறர் அதனைக் கவர முடிந்தது. அக்குறையைப் போக்கப் பிறந்ததே இம்முறை. 1999-இல் தோன்றிய 'ஓப்பன் எஸ்.எஸ்.எச்.' என்னும் மென்பொருள் இன்று உலகெங்கும் பயன்படுகிறது.

அதிலும் ஒரு வழு நேர்ந்தது. 2023-இல் 'பிங்' என்னும் சிறு செய்தி அதில் சேர்க்கப்பட்டது. ஒரு முனை 'இருக்கிறாயா?' என வினவ, மறுமுனை 'இருக்கிறேன்' என விடையிறுக்கும். 16 பைட் அளவுள்ள ஒரு வினாவுக்கு விடை அமைக்கச் சேவையகம் 256 பைட் நினைவகத்தை ஒதுக்கிற்று. இரு முனைகளும் மறைமொழித் திறவுகோலை உடன்பட்டு முடிக்கும்வரை அவ்விடைகள் வெளிச்செல்லாமல் தேங்கிக் கிடக்கும். தேங்குவதற்கு வரம்பும் இல்லை. ஆகவே, கடவுச்சொல்லே அறியாத அயலான் ஒருவன் வாயிலில் நின்றபடியே வினாக்களைக் குவித்து நினைவகத்தை நிரப்பிவிட இயன்றது. குவாலிஸ் நிறுவனத்தார் இதனைக் கண்டுரைக்க, 2025 பிப்ரவரியில் திருத்திய பதிப்பு வெளிவந்தது.

இத்தகைய தீங்கைத் தடுப்பது எங்ஙனம்? குழாயடியில் ஊரார் செய்வதையே மென்பொருளும் செய்கிறது. 'வீட்டுக்கு இத்தனை குடம்' என்பது போல, அடையாளம் காட்டாத இணைப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. உள்நுழையாமல் நிற்போருக்கு 120 வினாடிக் கெடு இயல்பாகவே உண்டு. வேண்டின் அதனைக் குறைக்கலாம். ஒரே முகவரியிலிருந்து மீண்டும் மீண்டும் தொல்லை தருவோரைச் சிறிது நேரம் விலக்கிவைக்கும் ஏற்பாடு 2024-இல் வந்தது. இவை யாவற்றினும் தலையாயது, திருத்திய பதிப்பைக் காலந்தாழ்த்தாமல் நிறுவுதல்.

மாணவர்களே! 'நான் எதையும் எடுக்கவில்லையே. விளையாட்டாகத்தானே செய்தேன்' என்று சொல்ல உங்களுள் சிலருக்குத் தோன்றலாம். உரிமையுடையவரைக் கணிப்பொறியை அணுகவொட்டாமல் தடுப்பதும், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தவறே. தீய நோக்குடன் செய்தால் மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் கிடக்கட்டும். அடைபட்ட வாயிலுக்கு அப்பால் ஒரு நோயாளியின் மருத்துவ ஏடு இருக்கலாம். உங்கள் தோழனின் தேர்வு முடிவு இருக்கலாம். ஆராயும் ஆர்வம் நன்று. அதனை உங்கள் சொந்தக் கணிப்பொறியில் நிகழ்த்துங்கள். வறண்ட பூமியில் வளர்ந்த நமக்கு, வரிசையின் அருமையைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை.