விளம்பரமும் வரலாறும்

திரைப்படம் வருமுன் அதன் விளம்பரம் வந்துவிடுகிறது. 1905-ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளி ரயில்வே அலுவலகத்தில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி, ஊர்தோறும் கூடாரமடித்துப் படம் காட்டினார். பின்னர் எழுந்த கொட்டகைகளுக்கு மாட்டுவண்டியும் மேளமும் துண்டுப்பிரசுரமும் துணைநின்றன. அவ்வண்டியைத் திருவரங்கத்துச் சித்திரை வீதியில் கண்டாலும், அது விளம்பரமென்று குழந்தையும் அறியும்.

1958-இல் ‘நாடோடி மன்னன்’ படத்தின் புகைப்படங்களைப் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் பத்திரிகைகளுக்கு வழங்கினார். அதுமுதல் தமிழ்த் திரையுலகில் மக்கள்தொடர்பு தனித்தொழிலாயிற்று. செய்திப் பக்கத்திலேயே விளம்பரம் குடிபுகுந்தது. படிப்பது செய்தியா, விற்பனையா என வாசகர் மயங்குவரே என்பது என் கவலை. ஆனால் ஆனந்தன் அப்படங்களையும் விவரங்களையும் எறிந்துவிடாமல் பல்லாண்டுகள் சேர்த்துவைத்தார். தமிழ்த் திரைப்பட வரலாற்றை ஆராய்ந்தோர் பலர் அத்தொகுப்பையே நாடிச் சென்றனர்.