உங்களுக்குத் தெரியுமா? ஸ்கின் விலை நியாயமா?

★ புனேயில் உருவான 'இண்டஸ்' பேட்டில் ராயல் விளையாட்டுக்காக, அது வெளிவரும் முன்பே 1 கோடிப் பேருக்கு மேல் பதிவு செய்து காத்திருந்தார்கள். சூப்பர்கேமிங் என்ற புனே நிறுவனம் 2024 அக்டோபர் 16 அன்று அதை வெளியிட்டது. சர்-தாஜ், ஆத்யா, மோர்-நி, பிக்-கஜ் என்று பாத்திரங்களின் பெயரிலேயே நம் நாட்டு வாசம் வீசும். பதிவிறக்க ஒரு பைசா தர வேண்டாம். அப்படியானால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? இந்த வகை இலவச விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றின் வருமானம் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் கடையிலிருந்துதான் வருகிறது. உடை, துப்பாக்கியின் மேல்வண்ணம், நடன அசைவு, சீசன் பாஸ் எல்லாம் அங்கே விலைக்கு இருக்கும்.

★ இந்த அலங்காரங்களைப் பிள்ளைகள் 'ஸ்கின்' என்பார்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் ஸ்கின் போட்டதால் குண்டு வேகமாகப் பாயாது, உயிர்ப் புள்ளிகளும் அதிகரிக்காது. வாங்காதவரும் ஜெயிக்கலாம். காசு கொட்டினால்தான் ஜெயிக்க முடியும் என்ற விளையாட்டுகளைவிட இது எவ்வளவோ மேல். அதனால் ஸ்கின் விற்பதே தப்பு என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. விற்கிற விதத்தில்தான் எனக்குக் கோபம்.

★ இந்த வியாபாரத்தின் முதல் பெரிய சண்டை ஒரு குதிரைக்காக நடந்தது. 2006 ஏப்ரலில் 'ஆப்லிவியன்' விளையாட்டுக்காக பெதெஸ்டா நிறுவனம் குதிரைக் கவசம் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றது. "முழு விளையாட்டையும் காசு கொடுத்து வாங்கிய பிறகு குதிரைச் சட்டைக்குத் தனிக் காசா?" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கொதித்தார்களே தவிர, வாங்கவும் செய்தார்கள்.

★ 14 ஆண்டுகள் கழித்து, 2020 ஜூலையில், 'வேலரன்ட்' விளையாட்டின் 'எல்டர்ஃப்ளேம்' துப்பாக்கித் தொகுப்பு சுமார் 95 டாலருக்கு வந்தது. துப்பாக்கி ஒரு குட்டி டிராகனாக மாறி அசையும். வேலரன்ட்டை உருவாக்கிய ராயட் நிறுவனம் 2024 ஜூனில் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' விளையாட்டில், கொரிய வீரர் ஃபேக்கரைக் கௌரவிக்கிறோம் என்று அஹ்ரி பாத்திரத்துக்கு ஒரு தொகுப்பை இறக்கியது. அதன் உச்ச விலை 400 டாலருக்கு மேல். நம் பணத்தில் 30,000 ரூபாயைத் தாண்டும். கோபமடைந்த ரசிகர்கள், தங்கள் ஆட்டங்களில் அஹ்ரியையே யாரும் எடுக்க முடியாதபடி தடை செய்து எதிர்ப்பைக் காட்டினார்கள்.

★ ஒரு ஸ்கின் செய்வது சும்மா இல்லை. முதலில் ஒருவர் வரைய வேண்டும். அதை இன்னொருவர் முப்பரிமாண உருவமாக்க வேண்டும். துணியின் மினுமினுப்பு, தோலின் சுருக்கம், உலோகத்தின் கீறல் என்று மேற்பரப்பு தர வேறு ஒருவர். எலும்புக்கூடு பொருத்தி, ஓடும்போதும் குதிக்கும்போதும் கை துணிக்குள் புகுந்துவிடாமல் அசைக்க இன்னொருவர். கடைசியில் பழைய, மலிவான போனிலும் அது திணறாமல் ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டும். புனேயில் இந்தக் கைவேலைக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். லக்ஷ்யா டிஜிட்டல் போன்ற கலைப்பணி நிறுவனங்களுக்கு அங்கே ஸ்டுடியோ உண்டு. பிரான்ஸின் யூபிசாஃப்ட் 2008 முதல் புனேயில் ஸ்டுடியோ நடத்துகிறது. இந்த உழைப்புக்குக் கூலி வேண்டும், மறுக்கவே முடியாது.

ஆனால் ஒரு முறை செய்து முடித்துவிட்டால் இரண்டாவது ஆளுக்கு விற்கவும், இருபது லட்சமாவது ஆளுக்கு விற்கவும் நூல் செலவோ தையல் கூலியோ கிடையாது. ஆகவே 'செய்த செலவு இவ்வளவு, அதனால் விலை இவ்வளவு' என்ற கணக்கு இங்கே செல்லாது. வாங்குபவர் எதுவரை கொடுப்பார் என்று பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள்.

★ யார் கொடுக்கிறார்கள்? 2014இல் ஸ்வர்வ் என்ற நிறுவனம் மொபைல் விளையாட்டுகளை ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியிட்டது. உள்ளே நடக்கும் விற்பனையில் பாதிப் பணம் வெறும் 0.15 சதவீத ஆட்களிடமிருந்து வந்தது. ஆயிரம் பேரில் இரண்டு பேர்கூட இல்லை! தொழிலில் இவர்களைத் 'திமிங்கலங்கள்' என்கிறார்கள். அந்த இருவர் கோடீஸ்வரர்கள் என்றால் கவலை இல்லை. அப்பாவின் யூபிஐ பின்னைத் தெரிந்து வைத்திருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை என்றால்?

★ நீங்கள் 1,180 ரூபாய்க்கு ஒரு ஸ்கின் வாங்கினால் 180 ரூபாய் ஜிஎஸ்டி. மீதி 1,000 ரூபாயில் ஆப் ஸ்டோரின் பங்கு 15 முதல் 30 சதவீதம் வரை. பெரிய நிறுவனத்தின் விளையாட்டு என்றால் 300 ரூபாய் போய்விடும். இந்தக் கட்டண முறை விவகாரத்தில்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. ஸ்கின் விலை ஏன் இவ்வளவு என்று ஸ்டுடியோவை மட்டும் திட்டுவது முழு நியாயம் ஆகாது.

★ இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விலையை எந்தப் பணத்தில் எழுதுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ரூபாயில் அல்ல, விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் காயின்களில். பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயில் யூசி, ஃபோர்ட்நைட்டில் வி-பக்ஸ், வேலரன்ட்டில் விபி. ஒரு கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பாருங்கள். வேலரன்ட்டில் 'பிரீமியம்' ரகத் துப்பாக்கி ஸ்கின் ஒன்றின் விலை 1,775 விபி. அமெரிக்கக் கடையில் விபி விற்கும் அளவுகள் 475, 1,000, 2,050, 3,650 என்று போகும். 1,775 என்று அளந்து தர மாட்டார்கள். 2,050 வாங்க வேண்டும், அதற்கு ஏறக்குறைய 20 டாலர். ஸ்கின் வாங்கியதும் 275 மிஞ்சும். அந்த 275ஐ வைத்து என்ன வாங்கலாம்? கடையின் மலிவான துப்பாக்கி ஸ்கின்னே 875. மிச்சம் பணமாகத் திரும்பி வராது. அந்த மிச்சத்தை வீணாக்க மனம் வராமல் அடுத்த டாப்-அப் செய்வோம்.

இதைத்தான் அநியாயம் என்கிறேன். 2,000 ரூபாய் என்று எழுதியிருந்தால் நின்று யோசிக்கும் கை, 1,775 விபி என்றால் யோசிக்காமல் தட்டிவிடுகிறது.

★ 10 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூட 'எல்லா வரிகளும் உட்பட' அதிகபட்ச விலையை ரூபாயில் அச்சிட வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அப்படிச் சொல்கின்றன. பிள்ளையின் போனுக்குள் விற்கும் 3,000 ரூபாய்ச் சட்டைக்கு அந்த விதி பொருந்தாது. சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காயின் விலைக்குப் பக்கத்திலேயே ரூபாய் விலையைச் சிறிய எழுத்தில் போடுவது ஒரு நாள் வேலை. புனே ஸ்டுடியோக்கள் இதை முதலில் செய்து காட்டினால் நாடே கவனிக்கும்.

★ ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில் இதையேதான் கேட்டன: விலையை உண்மைப் பணத்தில் காட்டு, தேவைக்கு மேல் காயின் வாங்க வைக்காதே.

★ அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் 'கென்ஷின் இம்பாக்ட்' நிறுவனத்துக்கு 2 கோடி டாலர் அபராதம் விதித்தது. ஒரு காயினை இன்னொரு காயினாக, அதை மற்றொன்றாக மாற்ற வைத்து, அரிய பொருள் ஒன்றுக்கு எவ்வளவு செலவாகும் என்பதையே பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஃபோர்ட்நைட் நடத்தும் எபிக் நிறுவனமோ 2022 டிசம்பரில் 24.5 கோடி டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. தெரியாமல் ஒரு பட்டனைத் தொட்டாலே வாங்கியதாகிவிடும்படி திரை அமைந்திருந்ததாம்.

★ "இன்னும் 6 மணி நேரம்தான்!" என்று ஓடும் கடிகாரம். வேலரன்ட் கடையில் தினம் நான்கு துப்பாக்கி ஸ்கின்கள் மட்டும் வரும், 24 மணி நேரத்தில் மாறிவிடும். வேண்டியது எப்போது வரும் என்று தெரியாததால், வரும் நாளில் கையில் காயின் இருக்க வேண்டும் என்ற பதற்றம் தொற்றிக்கொள்ளும். நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று ஏமாற்று வடிவமைப்புகள் 13 வகை என்று பட்டியல் போட்டுத் தடை செய்தது. முதல் பெயரே 'போலி அவசரம்'. 'இதுதான் கடைசி வாய்ப்பு' என்று விற்ற ஸ்கின் அடுத்த மாதமே திரும்பி வந்தால், அதை இந்தப் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும் என்பேன்.

★ சக்கரம் சுற்றினால் ஸ்கின் விழலாம், விழாமலும் போகலாம். இந்த 'ஸ்பின்', 'க்ரேட்' வகையில் விலை என்ற ஒன்றே கிடையாது. என்ன கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று வெளியிடச் சீனா 2017இலிருந்து கட்டாயப்படுத்துகிறது. பெல்ஜியம் 2018இல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைக் குறிவைத்தது. ஸ்கின் விலை அதன் பேச்சிலேயே இல்லை.

★ வாங்கிய ஸ்கின் உங்களுடையதா? இல்லை. பயன்படுத்த அனுமதி, அவ்வளவுதான். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. அக்டோபர் 30 அன்று இந்தியாவில் சர்வர் நின்றது. லட்சக்கணக்கான பிள்ளைகளின் ஸ்கின்கள் பூட்டிய பெட்டிக்குள் மாட்டிக்கொண்டன. 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐ பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கொடுத்ததால் பலர் தப்பித்தார்கள். யூபிசாஃப்டின் 'தி க்ரூ' கார் பந்தய விளையாட்டை வாங்கியவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2024 மார்ச் 31 அன்று சர்வர் அணைந்தது, காசு கொடுத்த விளையாட்டே போய்விட்டது. 'நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே' என்று கடையிலேயே சொல்ல வேண்டும் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

★ ஃபோர்ட்நைட்டில் இலவச உடையோடு வருபவரைப் பிள்ளைகள் 'டிஃபால்ட்' என்று கேலி செய்வார்கள். விளையாட்டில் தோற்றதைவிட அது அதிகம் வலிக்கும். ஸ்கின் வாங்கித் தரச் சொல்லி அழும் பிள்ளையைத் திட்டும் முன், அது வகுப்பில் என்ன பேச்சு கேட்டுவிட்டு வந்தது என்று ஒரு முறை கேளுங்கள்.

★ பிஜிஎம்ஐ வந்தபோது 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு அறிவித்தார்கள். ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது. தினமும் அந்த அளவுக்குச் செலவழித்தால் 30 நாளில் 2,10,000 ரூபாய். நடுத்தரக் குடும்பம் எதற்கும் இது கட்டுப்பாடே இல்லை.

★ 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மைனரோடு செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1903இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் இதை உறுதி செய்தது. இவ்வளவு பழைய பாதுகாப்பு கையில் இருந்தும், பிள்ளை பணத்தைச் செலவழித்துவிட்டது என்றதும் வீட்டில் அடி விழுகிறதே தவிர, யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை.

★ பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கூகுள் பிளேயில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கோரலாம். உங்களுக்கு அறிமுகமே இல்லாத யாரோ செய்த செலவு என்றால் 120 நாளுக்குள் புகார் செய்யலாம். பிளே ஸ்டோர் செட்டிங்கில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி இன்றே மாற்றி வையுங்கள். போலி அவசரம் காட்டியோ விலையை மறைத்தோ விற்றிருந்தால், திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்: 1915.