பாலை மணலில் துப்பாக்கியின் பரீட்சை

கருவி ஒன்றின் தரத்தை அறிய வேண்டின், அதனைச் செய்தவர் கூறும் புகழுரை போதாது. அது பயன்படவிருக்கும் நிலத்தின் இயல்பிலேயே அதனைச் சோதித்தல் வேண்டும். திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்கு இது புதிதன்று. உப்புக் காற்றும் நுண்மணலும் கதவின் பூட்டையும் மிதிவண்டிச் சங்கிலியையும் என்ன செய்யும் என்பதை நாள்தோறும் காண்கின்றோம். அம்மணல் போர்வீரனின் துப்பாக்கியுட் புகுமாயின் விளைவது யாது? 2009 வரை நீடித்த போரின் துயரை அறிந்த இம்மாவட்டத்தார்க்கு ஆயுதத்தைப் போற்றும் விருப்பம் இல்லை. எனினும், அதனைச் சோதிக்கும் முறை மாணவர் அறியத்தக்கது ஆகலின், ஈண்டு அதனை விளக்க முற்படுகின்றோம்.

தானே இயங்கும் துப்பாக்கியில், ரவை வெடித்தெழும் வாயுவின் ஒரு பகுதி குழலை மூடிநிற்கும் அடைப்பானைப் பின்தள்ளும். அப்போது வெற்றுக் கோது வெளியே வீசப்படும். சுருள்வில் அடைப்பானை மீள முன்தள்ளுகையில், ரவைக்கூட்டிலிருந்து அடுத்த ரவை உட்புகும். புழுதி சேர்ந்தால் உராய்வு மிகும். அடைப்பானின் வேகம் குன்றும். கோது இடையிற் சிக்கும். இதுவே தடை எனப்படும். இரண்டாம் உலகப் போரில் வட ஆபிரிக்கப் பாலையிற் பொருத இந்தியப் படையினரின் .303 துப்பாக்கியில் அடைப்பானைக் கையாலேயே இழுத்தனர். ஆகவே சிறு தடையைக் கைவன்மை வென்றது. தானியங்கிக்கு அவ்வுதவி இல்லை.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்த காலத்தில், 2007 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்கத் தரைப்படை மேரிலாந்து மாநிலத்து அபர்டீன் சோதனைத் திடலில் நால்வகைத் துப்பாக்கிகளைப் பரீட்சித்தது. வகைக்குப் பத்துத் துப்பாக்கிகளை எடுத்து, அடர்ந்த புழுதிக்கு உட்படுத்திச் சுடுவதும் மீண்டும் புழுதியூட்டிச் சுடுவதுமாக, ஒன்றுக்கு 6,000 ரவை வீதம் வகைக்கு 60,000 ரவை சுட்டனர். எக்ஸ்.எம். 8 என்பதில் 127 தடைகளும், ஸ்கார் என்பதில் 226 தடைகளும், எச்.கே. 416 என்பதில் 233 தடைகளும் நேர்ந்தன. படையினர் கையில் அன்று வழங்கிய எம் 4 துப்பாக்கியில் நேர்ந்தவை 882.

நூற்றுக்கு 98 ரவைக்கு மேல் பழுதின்றிச் சென்றன என்று படையதிகாரிகள் கூறினர். வகுப்பறையில் அத்தனை புள்ளி பெற்ற மாணவனை நாம் மெச்சுவோம். ஆயின் அதே கணக்கை வேறு விதமாய் நோக்குக: 60,000 ஐ 882 ஆல் வகுத்தால், சராசரியாக 68 ரவைக்கு ஒரு தடை. 30 ரவை கொள்ளும் கூடுகள் இரண்டு தீர்ந்து மூன்றாவது தொடங்கியதும் துப்பாக்கி நின்றுவிடும். எக்ஸ்.எம். 8 இலோ ஏறத்தாழ 470 ரவைக்கு ஒருமுறையே தடை. எதிரியின் முன் நிற்பவனுக்கு இவ்வேறுபாடு உயிரின் விலை.

இனி, ஒரு பரீட்சையே முடிந்த முடிபும் ஆகாது. அதே ஆண்டில் முன்னர் நடந்த சோதனையில் எம் 4 க்கு நேர்ந்த தடைகள் முந்நூறளவே. மேலும், 882 இல் 239 தடைகளுக்குக் காரணம் ரவைக்கூடு. ஆகவே பழுது எவ்வுறுப்பினது என்று பிரித்தறிந்த பின்னரே தீர்ப்புக் கூறல் தகும்.

பாலையில் மட்டும் சோதித்தலும் போதாது. ஈசாப்பூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் செய்யப்பெற்ற இந்தியாவின் இன்சாஸ் துப்பாக்கி, 1999 ஆம் ஆண்டுக் கார்கில் போரில் மலைக்குளிரில் இடர்ப்பட்டது. அதன் ரவைக்கூடுகள் வெடித்துப் பிளந்தன என்ற முறைப்பாடு எழுந்தது. வெப்பம் ஒரு குறையை வெளிப்படுத்தும். குளிர் வேறொன்றை வெளிப்படுத்தும்.

மாணவர்காள், நூற்றுக்கு இத்தனை என்னும் எண்ணைக் கேட்குந்தோறும், எந்நிலையில், எத்தனை முறை சோதித்தனர் என்று வினவுக. நடுக்கடலில் மீனவனை ஏற்றிச் செல்லும் படகின் இயந்திரத்துக்கும் இவ்வினா பொருந்தும். கருவி பழுதுறின் அதன் பயனை நுகர்பவர், அதனைச் செய்தவர் அல்லர், கையில் ஏந்தியவரே.